இங்கிட்டுத் திரும்புங்க

வாசக அன்பர்களுக்கு வணக்கம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து தவறாக எண்ண வேண்டாம். இது கற்பனை அல்ல. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை, காலை 6.41க்கும் 7.04க்கும் இடையில் நடந்தது. இருட்டில் நடக்கவில்லை. நல்ல வெளிச்சம் இருந்தது.

என் சித்தி மகள் ஷெரினுக்கு நேர்ந்தது இது. அவள் இதை என்னிடம் நான்கு முறை சொல்லியிருக்கிறாள். நான்கு முறையும் நேரம் மாறவில்லை, உயரம் மாறவில்லை, ஒரு சொல்கூட மாறவில்லை. விமானப் பயிற்சிப் பள்ளியின் பெயரை மட்டும் நான் எழுதப் போவதில்லை. அன்னவாசலுக்கு மேற்கே ஒரு பழைய ஓடுபாதையில் இயங்கிய தனியார் பள்ளி என்பதோடு நிறுத்திக்கொள்ள அனுமதி கோருகிறேன்.

அன்று ஷெரினுக்கு முதல் சோலோ. அதாவது, பயிற்சியாளர் இறங்கிக்கொள்வார். மாணவி தனியாக விமானத்தை எழுப்பி, ஒரு வட்டம் அடித்து, இறக்க வேண்டும். உண்மையில் அது மூன்றாவது முயற்சி. முதல் முறை ஓடுபாதையின் நடுவில் ஒரு மயில் நின்றது. ஷெரின் பிரேக் போட்டுவிட்டாள். இரண்டாம் முறை கதவுத் தாழ் சரியாக விழாமல் படபடவென்று அடித்தது, மறுபடியும் நிறுத்திவிட்டாள். இரண்டு முறையும் அவள் செய்தது சரி என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். கேப்டன் சரவணக்குமார் சொல்லவில்லை.

அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். சென்னைக்காரர். திட்டுவதற்கென்றே ஒரு தனிக் குரல் வைத்திருந்தார்.

"என்ன மகாராணி, இன்னிக்கும் மயிலுக்கு வழி விடப் போறீங்களா?"

"இல்லைங்க சார்."

"மூணாவது தடவை நிறுத்தின, நேரா ஹாஸ்டல் போய்ப் பெட்டியைக் கட்டு. உன் ஊரு ஆவூர்ல நாலு பசங்களுக்கு டியூஷன் எடு. பயந்தாங்கொள்ளிங்களுக்கு அதுதான் லாயக்கு."

"சரிங்க சார்."

"அப்புறம் இந்த 'ங்க'. போன வாரம் ரேடியோல டவர்கிட்டயே 'சரிங்க'ன்ன. காது கூசுது. வீட்டுக்கு வந்த மாமனா அது?"

ஷெரின் தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்தாம் வகுப்பிலிருந்து அவள் நெஞ்சில் வைத்திருந்த ஒரே ஆசை விமானம். அது இந்த ஒரு மனிதரின் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மணி 6.41. கேப்டன் வலப்பக்க இருக்கையிலிருந்து இறங்கினார். ஆள் இல்லாத இருக்கையின் பெல்ட் தொங்கினால் கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கிக்கொள்ளும். ஆகவே அதை வெற்று இருக்கையின் மேல் மாட்டி, இருக்கைப் பலகையோடு ஒட்டும்படி இழுத்து இறுக்கினார். தம் ஹெட்போனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் எழுபத்தெட்டு கிலோ. அது குறையும். வண்டி பஞ்சு மாதிரி எகிறும், அலறிடாதே. பாதி ரன்வேல ஸ்பீடு எவ்ளோ இருக்கணும்?"

"நாப்பது நாட் சார். இல்லைன்னா நிறுத்திரணும்."

"ஏறும்போது எஞ்சின் நின்னா?"

"மூக்குக்கு நேரா இறங்கணும் சார்."

"எழுநூறு அடிக்குக் கீழே ரன்வேக்குத் திரும்பலாம்னு ஆசைப்பட்டா?"

"செத்தேன் சார்."

"அதையாவது ஒழுங்கா சொல்றே" என்று கதவை அறைந்து சாத்தினார்.

6.46. ஷெரின் விமானத்தை ஓடுபாதையின் மேற்கு முனைக்கு உருட்டிச் சென்றாள். அங்கே மூக்கன் நின்றார். ஒவ்வொரு விமானமும் கிளம்புவதற்கு முன் எக்ஸெல் வண்டியில் ஓடுபாதை முழுவதும் போய் ஆடுகளையும் மயில்களையும் விரட்டி வருவது அவருடைய வேலை. வேலை முடிந்ததும் பச்சைக் கொடியை ஆட்டுவார். "போய்ட்டு வாங்க ஆத்தா" என்று உதட்டசைவில் சொல்லிச் சிரிப்பார்.

அன்று அவர் சிரிக்கவில்லை. கொடியையும் ஆட்டவில்லை. விமானத்தின் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்துத்தான் கொடி மெல்ல உயர்ந்தது.

6.48. கிளம்புவதற்கு முந்தைய சோதனைகள். எரிபொருள் சரி. எண்ணெய் அழுத்தம் சரி. எஞ்சின் ஓட்டம் சரி. ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தாள்.

அப்போதுதான் அந்த மூச்சு கேட்டது.

ஹெட்போனுக்குள். உள்ளே... வெளியே... உள்ளே... வெளியே. தன் மூச்சுதான் மைக்கில் விழுகிறது என்று ஷெரின் நினைத்தாள். பயந்தால் அப்படிக் கேட்பது வழக்கம். சோதித்துப் பார்க்கத் தன் மூச்சை அடக்கினாள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணினாள்.

மூச்சு நிற்கவில்லை.

விமானத்துக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காமை அணைத்து, மறுபடி போட்டாள். நின்றுவிட்டது. பழைய ஒயர், ஏதோ கோளாறு. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

6.50. கதவுத் தாழைப் பார்க்க வலப்பக்கம் திரும்பினாள். தாழ் சரியாக இருந்தது. பெல்ட் சரியாக இல்லை. கேப்டன் பலகையோடு ஒட்ட இறுக்கிய பெல்ட் இப்போது பலகையைத் தொடவே இல்லை. முன்பக்கம் உப்பி, வளைந்து, ஒரு முழம் தள்ளி நின்றது.

ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருடைய வயிற்றின் மேல் எப்படி நிற்குமோ... அப்படி.

கையை நீட்டி அழுத்தினாள். பெல்ட் அமுங்கவில்லை.

இந்த இடத்தில் அவள் எஞ்சினை அணைத்திருக்க வேண்டும். அதை அவளே ஒப்புக்கொள்கிறாள். காரணம் தெரியாத ஒரு கோளாறு இருந்தாலே பறக்கக் கூடாது, அதுதான் விதி. ஆனால் தூரத்தில், விமானக் கொட்டகை வாசலில், இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கேப்டன் நின்றிருந்தார். மூன்றாவது தடவை. பெட்டி. டியூஷன்.

ஷெரின் முகத்தை நேராகத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு வலப்பக்கம் பார்க்கவில்லை.

6.51. ரேடியோவில் அன்புமொழியின் குரல் வந்தது. கோபுர அறையில் அமர்ந்து ஆணை கொடுப்பவள், ஷெரினின் தோழி. கரகரவென்ற இரைச்சல், "கிளியர்டு ஃபார் டேக் ஆஃப்", மறுபடி கரகர. ரேடியோவில் வரும் எந்தக் குரலுக்கும் முன்னும் பின்னும் அந்த இரைச்சல் இருக்கும். விமானத்துக்குள்ளேயே ஒருவர் மைக்கில் பேசினால் மட்டும் இருக்காது. குரல் சுத்தமாக, காதுக்குள் வாய் வைத்துப் பேசுவதுபோல் விழும். இதை வாசகர்கள் நினைவில் வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

6.52. எஞ்சினுக்கு வேகம் கொடுக்கும் திராட்டில் கம்பியை முழுவதும் முன்னே தள்ளினாள். எதிரே கிழக்கு, சூரியன் கண்ணைக் குத்தியது.

விமானம் ஓடியது. ஆனால், பஞ்சு மாதிரி எகிறவில்லை. கனத்து ஓடியது. கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்களில் எப்படி ஓடுமோ அப்படி... இல்லை, அதைவிடக் கனமாக.

ஓடுபாதையின் பாதியில் வெள்ளையடித்த பீப்பாய் ஒன்று உண்டு. அதைத் தாண்டும்போது வேக முள்ளைப் பார்த்தாள்.

முப்பத்தாறு.

நாற்பது இல்லை. நிறுத்த வேண்டும். கை திராட்டிலின் மேல் இருந்தது. பின்னால் இழுத்தால் போதும். பிரேக் போட இன்னும் அறுநூறு மீட்டர் இருந்தது.

அவள் இழுக்கவில்லை.

ஓடுபாதை முடியப் போகும் இடத்தில் சக்கரங்கள் தரையை விட்டன. கருவேல மரங்களின் உச்சி காலுக்கடியில் உரசுவதுபோல் போயிற்று. நூறு அடி. நூற்றைம்பது. உயர முள் நத்தை போல ஏறியது. இருநூறு...

"ஏங்க..."

ஹெட்போனில் ஒரு குரல். மெதுவான குரல். மரியாதையான குரல். ஆணா பெண்ணா என்று ஷெரினால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

"சொல்லுங்க" என்றாள் ஷெரின்.

யோசித்துச் சொன்னதல்ல. யாராவது "ஏங்க" என்றால் நம் பக்கத்துப் பெண்களின் வாயில் தானாக வந்துவிடும் சொல் அது. ஆளில்லாத இடத்தில் பெயர் தெரியாத குரல் அழைத்தால் பதில் கொடுக்கக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். ஆனால், கருவேலங்காட்டுக்கு மேலே இருநூறு அடி உயரத்தில் அது யாருக்கு நினைவு வரும்?

பதில் சொன்ன பிறகுதான் உறைத்தது.

குரலுக்கு முன்னால் கரகரப்பு இல்லை. பின்னாலும் இல்லை.

முந்நூறு அடி. எஞ்சின் ஒருமுறை இருமியது. விமானம் முழுவதும் அதிர்ந்தது. முந்நூற்றைம்பது. இன்னொரு இருமல். முந்நூற்று எண்பது...

நின்றுவிட்டது.

எஞ்சின் சத்தம் இல்லாத விமானத்தில் காற்று மட்டும் கேட்கும். உஸ்ஸ்ஸ் என்று. 6.53.

"எஞ்சின் நின்னுருச்சுங்க" என்றது குரல். அன்பாக. "இங்கிட்டுத் திரும்புங்க."

இங்கிட்டு.

கேப்டன் அந்தச் சொல்லை வாழ்நாளில் உச்சரித்ததில்லை. அன்புமொழி கடலூர்க்காரி, "இந்தப் பக்கம்" என்பாள். மூக்கனிடம் ரேடியோ கிடையாது.

"இங்கிட்டுத் திரும்புங்க. ரன்வே இந்தா இருக்கு."

இருந்தது. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தால் தோளுக்குப் பின்னால் நீளமாக, சாம்பல் நிறமாக, பத்திரமாக. எட்டிவிடலாம் போல. எதிரே என்ன இருந்தது? கருவேலங்காடு. ஒரு பாறை. அதற்கு அப்பால், வற்றத் தொடங்கிய கண்மாயின் சேறு.

அவளுடைய இடக்கால் தானாக, திசை திருப்பும் மிதியை அழுத்தியது. இல்லை... அவள் அழுத்தவில்லை. இரண்டு இருக்கைகளின் மிதிகளும் சேர்ந்தே அசையும். வலப்பக்க இருக்கையின் இட மிதியை ஏதோ அழுத்திக்கொண்டிருந்தது.

இறக்கை இடப்பக்கம் சாய்ந்தது.

முந்நூறு அடி.

"திரும்புங்க."

கேப்டனின் குரல் மண்டைக்குள் கேட்டது. கோபமான குரல், கேவலப்படுத்தும் குரல். எழுநூறு அடிக்குக் கீழே... ஷெரின் வாய்விட்டு அலறினாள்: "செத்தேன் சார்!" வலக்காலில் உடம்பின் எடை முழுவதையும் வைத்து மிதித்தாள். மூக்கைக் கீழே தள்ளினாள். வேகம் அறுபத்தைந்து. நேராக. நேராக.

"திரும்பு."

மரியாதை போய்விட்டது.

இருநூறு அடி. பாறை பெரிதாகிக்கொண்டே வந்தது.

"திரும்பு... திரும்பு... திரும்பு..."

நூறு.

"திரும்புடி!"

பாறை இறக்கைக்கு அடியில் போயிற்று. சேறு. மோதலில் இறுகிவிடாமலிருக்கக் கதவுத் தாழை எடுத்துவிட்டாள். ஐம்பது அடி. முப்பது.

பத்து.

மோதல்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபோது 6.55. விமானம் மூக்கு குத்தி, பாதி சேற்றில் புதைந்து நின்றது. இடது கணுக்கால் நசுங்கியிருந்தது. கதவு சேற்றில் புதைந்து நகரவில்லை. ஆனால் உயிர் இருந்தது. பயிற்சி கைகளை நடத்தியது. எரிபொருள் வால்வை மூடினாள். பற்றவைப்புச் சாவியை அணைத்தாள். கடைசியாக, பாட்டரி சுவிட்ச். எல்லா விளக்குகளும் அணைந்தன. இனி விமானத்தில் ஒரு பொட்டு மின்சாரம்கூட இல்லை.

ஹெட்போன் காதில்தான் இருந்தது.

"இருக்கீங்களா?"

ஷெரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இருக்கீங்களா?"

ஹெட்போனைக் கழற்றக் கை எழவில்லை. உள்ளங்கையைக் கடித்தாள். இரத்தம் உப்புக் கரித்தது.

"இருக்கியா?"

வலப்பக்கம் பெல்ட் கிறீச்சிட்டது.

"இருக்கியாடி?"

மூச்சுவிடவில்லை.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, ரொம்பப் பக்கத்தில், பழைய மரியாதையோடு...

"சரிங்க. போய்ட்டு வாரேன்."

டக் என்று ஒரு சத்தம். வலப்பக்க பெல்ட்டின் கொக்கி தானாகக் கழன்று விழுந்தது.

7.04. கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மூக்கன். இடுப்புவரை சேறு. கேப்டனின் ஜீப்புக்கு முன்பே காட்டுக்குள் குறுக்கே ஓடி வந்திருந்தார். நசுங்கிய காலைப் பார்க்கவில்லை, இரத்தத்தைப் பார்க்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஆத்தா, அது கூப்புட்டுச்சா?"

ஷெரின் ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டாள்.

"பதிலு ஏதும் குடுத்தீகளா? உள்ளதச் சொல்லுங்க ஆத்தா. குடுத்துருந்தா வேற செய்யணும். ஆவூரு சர்ச்சு சாமியாரையே கூட்டியாந்தாலும் சரி, பேயோட்டுற நம்ம கோடாங்கியக் கூட்டியாந்தாலும் சரி... அப்படியே விடக் கூடாது."

ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கேப்டன் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் இது விழுந்தால்? குரல் கேட்கிறது என்று சொல்லும் ஒரு பெண்ணுக்கு எந்த மருத்துவர் பறக்கத் தகுதிச் சான்று தருவார்?

"இல்லண்ணே" என்றாள். "யாரும் கூப்புடல."

மூக்கன் அவள் முகத்தையே பார்த்தார்.

கேப்டன் வந்து உடைந்த விமானத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"திரும்பலை. நல்லது" என்றார். "பாதி ரன்வேல எவ்ளோ?"

"நாப்பது சார்."

அதுவும் பொய்.

மருத்துவமனைக் கட்டிலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். விபத்து அறிக்கை. அதில் ஒரு கேள்வி: பறப்பதற்கு முன்போ, பறக்கும்போதோ வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் கவனித்தீர்களா? அந்தக் கேள்வியின் நோக்கம் தண்டிப்பது அல்ல. அடுத்து அதே இருக்கையில் உட்காரப் போகிறவரைக் காப்பாற்றுவது. ஷெரினுக்கு அது தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறாள்.

அழகான கையெழுத்தில் எழுதினாள்: "இல்லை."

எஞ்சினைச் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவிச் சோதித்தார்கள். முதல் முயற்சியிலேயே ஓடியது. எரிபொருளில் தண்ணீர் இல்லை, அடைப்பு இல்லை, ஒயரில் குறை இல்லை. காரணம் தெரியவில்லை என்று கோப்பை மூடினார்கள். நேராக இறக்கிய தைரியத்துக்காகக் கேப்டனே அவளைப் பாராட்டினார். வாழ்க்கையில் முதல் முறையாக. நவம்பரில் அவளுக்கு உரிமம் வந்தது.

ஷெரின் ஆவூருக்குத் திரும்பி, வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள்.

2025ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி, மாலை 4 மணிக்கு அவளுக்கு ஒரு போன் வந்தது. வைஷ்ணவி. புதுக்கோட்டைப் பெண். பள்ளியில் ஷெரினுக்கு ஜூனியர். ஹாஸ்டலில் ஒரே அறை. அங்கே அவள் "அக்கா" என்று அழைத்தது ஷெரினை மட்டும்தான். மற்ற எல்லாரும் அவளுக்கு சார், மேடம்.

"அக்கா, நாளைக்கு எனக்கு சோலோ. அந்தாளு இப்பவே திட்ட ஆரம்பிச்சுட்டாரு. நீங்க ஏதாச்சும் சொல்லுங்கக்கா."

ஒரு வாக்கியம் ஷெரினின் நாக்கு நுனிவரை வந்தது. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே. அவ்வளவுதான். சொல்ல மூன்று விநாடிகூட ஆகாது. ஆனால் அறிக்கையில் "இல்லை" என்று எழுதிய கை அவளுடையது. உரிமம் பெட்டிக்குள் இருந்தது.

"ஒண்ணும் இல்லடி. தைரியமாப் போ."

மறுநாள் காலை 7.03க்கு வைஷ்ணவியின் விமானத்தில், தரையிலிருந்து முந்நூற்று எண்பது அடியில், எஞ்சின் நின்றது. அவள் இடப்பக்கம் திரும்பினாள். ஓடுபாதைக்கு வந்து சேரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அன்புமொழி, கோபுர அறையில் பதிவான ஒலியைப் போனில் ஷெரினுக்குப் போட்டுக் காட்டினாள். வைஷ்ணவியின் விரல் பதற்றத்தில் ரேடியோ பொத்தானை அழுத்தியபடியே இருந்திருக்கிறது. எஞ்சின் நின்ற செய்தியைச் சொல்கிறாள். பிறகு நான்கு விநாடி காற்றுச் சத்தம். பிறகு அவளுடைய குரல். ஆச்சரியத்தோடு, கொஞ்சம் நிம்மதியோடுகூட.

"அக்கா? ...சரிக்கா. இந்தா திரும்புறேன்."

அதன் பிறகு பதிவில் ஒன்றும் இல்லை.

"அந்த நேரத்துல நீ எங்கடி இருந்த?" என்று அன்புமொழி அழுதுகொண்டே கேட்டாளாம்.

ஷெரின் ஆவூர் மாதா கோயிலில் இருந்தாள். தவக்காலம், காலைப் பூசை. 7.03க்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் வரிசையில் நின்றாள். இதற்கு முப்பது பேர் சாட்சி. அவளுக்கு நேர் பின்னால் நின்றவர் என் அம்மா, அடைக்கலமேரி.

இதுவரை எழுதியது ஷெரின் சொன்னது. இனி வருவது ஷெரினுக்குத் தெரியாது. போன வாரம் அம்மா என்னிடம் சொன்னார். அந்த வரிசையில் ஷெரின் கண்களை மூடிக்கொண்டு, உதடு அசைய, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நின்றாளாம். ஜெபம் சொல்கிறாள் என்று அம்மா நினைத்திருக்கிறார். எந்த ஜெபம் என்று அறியக் காதைக் கொஞ்சம் கொண்டுபோயிருக்கிறார்.

"வந்துரு தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். "பயப்படாத. வந்துரு... வந்துரு..."